கோப்பிக்கும் தேயிலைக்கும் இடையே

நாம் பள்ளிக்கூடத்திலே படித்த இலங்கைச் சரித்திர நூல்களிற் கோப்பிச் செய்கைக்கு ஓர் அத்தியாயமும் தேயிலைச் செய்கைக்கு ஓர் அத்தியாயமும் இருந்தன. முன்னையது ஒரு நோயோடு முடிவடையும்; பின்னையது ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரரின் பெயரோடு தொடங்கும். இலையிலே பூசணம் பிடித்தது, கோப்பி அழிந்தது, துரைமார் மனந்தளராது தேயிலை நட்டனர், நாடு பிழைத்துக்கொண்டது. இதுவே அக்கதையின் சாரம். நம்மிற் பலர் இதனை அவ்வாறே படித்தோம். ஆசிரியராகியபின் அவ்வாறே படிப்பித்தும் வந்தோம். ஓர் அத்தியாயம் முடிந்து மற்றது தொடங்கும் அந்த இடைவெளியில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அடங்கிக் கிடக்கின்றன என்பதை மாணவர் கேட்டதுமில்லை, நாம் சொன்னதுமில்லை.

வணிக நிறுவனங்கள் காலத்துக்கேற்ப மாறவேண்டும், தாம் தொழில் நடத்தும் முறையையே மீள எண்ணிப்பார்க்க வேண்டும் என்று போதிப்போர் பெருகிவிட்ட காலம் இது. அவர்களுக்கு இந்த இருபது ஆண்டுகளைவிடச் சிறந்த உதாரணம் கிடைத்தல் அரிது. ஒரு முழு நாட்டின் ஏற்றுமதி வாணிபம் ஒரு பயிரை விட்டு மற்றொரு பயிருக்குத் தாவியது. தாவும்போது வேலைமுறை, இயந்திரம், முதலீடு, சந்தை யாவுமே மாறின. இதனை நாம் மறுக்கப்போவதில்லை. ஆனால் மாறுதற்கு உதவி பெற்றவர் யார், உதவி பெறாதவர் யார், அந்த மாற்றத்தின் செலவு யாருடைய கணக்கில் எழுதப்பட்டது என்பவற்றை விசாரியாமல் உதாரணத்தை மட்டும் எடுத்துக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை.

கோப்பியின் வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1820ஆம் ஆண்டுகளிலே கம்பளைக்கு அருகில் ஜோர்ஜ் பேர்ட் என்பவரும், கன்னொறுவையிலே தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸும் தோட்ட முறையிற் கோப்பி பயிரிட்டனர். 1840ஆம் ஆண்டின் சட்டமொன்று, உரிமைப் பத்திரம் காட்டமுடியாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியவையாக்கிற்று. அவை மலிந்த விலைக்கு விற்கப்பட்டன. வாங்கியோரில் அரசாங்கத்தின் உயர்ந்த உத்தியோகத்தரும் இருந்தனர் என்பது அக்காலத்து நிருவாகத்தின் இலட்சணத்தைக் காட்டும். 1870இல் ஏற்றுமதி பத்து இலட்சம் அந்தரைத் தாண்டியது.

இந்தக் கோப்பி முழுவதும் துரைமாரின் தோட்டங்களில் விளைந்ததன்று. கண்டிச் சீமைக் கிராமவாசிகள் தம் வீட்டு வளவுகளிலே கோப்பி வளர்த்தனர். பழத்தைப் பறித்து வெயிலிற் காயவைத்துச் சந்தைக்கு வந்த முஸ்லிம் வியாபாரிகளுக்கு விற்றனர். சில ஆண்டுகளில் நாட்டின் ஏற்றுமதியில் மூன்றிலொரு பங்களவு இவ்வாறு வந்தது. உப்பும் துணியும் வாங்கவும், வரி கட்டவும் அந்தக் கிராமங்களுக்குக் காசு கொடுத்தது அந்த வளவுக் கோப்பியே. பாடநூல்களிலே இதற்கு அரை வாக்கியம் கிடைத்தாற் பெரிது.

1869இல் மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றிலே கோப்பி இலையின் அடிப்புறத்திற் செம்மஞ்சட் பொட்டுகள் காணப்பட்டன. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே அது முன்னறியாத பூசணம் எனக் கண்டு 'ஹெமிலேயா வஸ்ராட்றிக்ஸ்' என்று பெயரிட்டனர். பேரழிவு செய்வது என்னும் பொருள் அப்பெயரின் பின்பகுதியில் இருக்கிறது. பெயரிட்டவர்கள் எச்சரித்தார்கள் என்றே சொல்லவேண்டும். ஆயினும் தோட்டக்காரர் பலர் அதனைப் பொருட்படுத்தினாரல்லர்.

பொருட்படுத்தாமைக்குக் காரணம் அறியாமையன்று. 1870ஆம் ஆண்டுகளிலே உலகச் சந்தையிற் கோப்பியின் விலை ஏறிக்கொண்டே சென்றது. மரம் தந்த விளைச்சல் குறைந்தது. ஆனால் ஓர் அந்தர் தந்த பணம் கூடிற்று. கணக்குப் புத்தகத்திலே நோய் தென்படவில்லை. எனவே கடன் வாங்கித் திம்புள, டிக்கோயா, மஸ்கெலியா எனச் சிவனொளிபாத மலைச் சாரல் வரை காட்டை வெட்டி மேலும் கோப்பி நட்டனர். 1878இல் இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கர்வரை கோப்பி பரந்து கிடந்தது. நோய் கண்டு ஒன்பது ஆண்டுகள் கழிந்தபின் எட்டிய உச்சம் இது என்பதை மறக்கலாகாது. மாற்றத்தைக் கண்ணால் கண்டும் மாறாதிருப்பதற்கு இலாபத்தைப்போல் வலிய காரணம் வேறில்லைப் போலும்.

1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளந் தாவரவியலாளர் இங்கிலாந்திலிருந்து வந்து இரண்டாண்டு ஆராய்ந்தார். பூசணத்தின் நுண்வித்துகள் காற்றிலே பறந்து இலையிலிருந்து இலைக்குத் தாவுகின்றன. மலை முழுவதும் இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதனால் அவற்றைத் தடுக்க எதுவும் இல்லை என்று அவர் காட்டினார். நோயைக் கொண்டுவந்தது இயற்கை. அதற்கு மேசை விரித்து வைத்தது தோட்ட முறை. மருந்து அவரிடம் இருக்கவில்லை. மருந்து கேட்டவர்களுக்கு அவர் சொன்ன உண்மை பிடிக்கவுமில்லை.

பின்பு வீழ்ச்சி விரைவாக வந்தது. 1884ஆம் ஆண்டு மே மாதத்தில், தோட்டங்களுக்குப் பெருங்கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி முறிந்தது. நூற்றுக்கணக்கான துரைமார் மலாயாவுக்கும் வேறு நாடுகளுக்கும் போய்விட்டனர். பட்ட கோப்பி மரத்தின் தண்டுகளைச் சீவி, இங்கிலாந்திலே தேநீர் மேசைக்குக் கால்களாக்க அனுப்பினார்கள் என்றும் சொல்வர். 1890ஐ அடுத்துக் கோப்பி ஏற்றுமதி உச்ச நிலையிற் பத்திலொரு பங்கும் இல்லை.

இந்த வீழ்ச்சியிலே யாருக்கு எந்தக் கை நீண்டது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டியிருக்கிறது.

துரைமாருக்குப் பல கைகள் இருந்தன. 1861 முதல் ஹக்கலையில் அரசாங்கப் பூங்காவொன்று சிங்கோனா கன்றுகளை வளர்த்துத் தோட்டங்களுக்குக் கொடுத்து வந்தது. கொயினா மருந்து எடுக்கும் அம்மரத்தைக் கோப்பிக்கு மாற்றாக அவசரமாக நட்டனர். 1886இல் ஒன்றரைக் கோடி இராத்தலுக்கு மேற்பட்ட பட்டை ஏற்றுமதியாயிற்று. அத்தனையும் ஒருங்கே சந்தையில் விழ விலையும் விழுந்தது. ஆயினும் தேயிலை வேரூன்றும்வரை பலருக்குக் கைச்செலவுக்கு உதவியது அந்தப் பட்டையே. தேயிலைக்கான அஸ்ஸாம் வித்தும் கன்றும் பேராதனையிலிருந்து வந்தன. 1866ஐ அடுத்துத் தோட்டக்காரர் சங்கம் ஒருவரை அஸ்ஸாமுக்கு அனுப்பி அங்குள்ள செய்கைமுறையை அறிக்கையாகப் பெற்றிருந்தது. பொதுப் பணத்தில் அமைந்த இருப்புப்பாதை 1867இற் கண்டிக்கும், 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1885இல் நானு ஓயாவுக்கும் போய்ச் சேர்ந்தது. வங்கி முறிந்தபொழுது தேசாதிபதி ஆதர் கோர்டன், லண்டனின் அனுமதிக்குக் காத்திராமல், அவ்வங்கியின் நோட்டுகளுக்கு அரசாங்கப் பொறுப்புக் கொடுத்தார். அச்செயல் தவறென்று நாம் சொல்லவில்லை. பீதி பரவியிருந்தால் ஏழைகளும் அழிந்திருப்பர். அரசாங்கம் நினைத்தால் எத்துணை விரைவாக இயங்கக்கூடும் என்பதற்கு மட்டும் அதனைக் குறித்துக்கொள்கிறோம்.

ஏனெனில் அதே ஆண்டுகளில், அதே அரசாங்கம், அதே மலைநாட்டில் வேறொரு விதமாகவும் இயங்கிற்று.

வளவுக் கோப்பியும் நோயில் அழிந்தது. கிராமவாசிக்குக் காசு வந்த வழி அடைபட்டது. 1878ஆம் ஆண்டுச் சட்டமோ நெல்வரியைக் காசாகக் கட்டவேண்டும் என்றும், விளைந்தாலும் விளையாவிட்டாலும் குறித்த தொகையைக் கட்டவேண்டும் என்றும் விதித்திருந்தது. முன்பு கோப்பி விற்ற காசில் நெல்வரி கட்டியவன், கோப்பி போனபின் எதை விற்பான்? வரி நிலுவையாயிற்று. நிலுவைக்காக வயல்கள் ஏலமிடப்பட்டன. நுவரெலியா மாவட்டத்து வலப்பனைப் பகுதியிலே அற்பத் தொகைகளுக்காகப் பரம்பரை வயல்கள் கைமாறின. குடும்பங்கள் வெளியேறின, பசியும் நோயும் பலரைக் கொண்டுபோயின. இதனை வெளிப்படுத்தியவர் அந்த மாவட்டத்தில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் என்னும் ஆங்கில உத்தியோகத்தரே. தமது கோப்பி வாணிபம் முறிந்துபோன ஜோர்ஜ் வோல் என்பவரும் நெல்வரிக்கெதிராகக் குரல் கொடுத்தார். தாமும் வீழ்ந்து பார்த்தவர் ஒருவருக்குக் கீழே கிடப்பவர் கண்ணிற் பட்டனர் போலும். வரி 1892இல் நீக்கப்பட்டது. விற்றுப்போன வயல்கள் திரும்பவில்லை.

அந்தக் கிராமவாசி தேயிலைக்கு மாறியிருக்கக்கூடாதா என்று கேட்கலாம். அவனுக்கு மாற்றம் பிடிக்கவில்லை, சோம்பேறி, பழமைவாதி என்று அக்காலத்துத் துரைமார் எழுதினர். நம்மவருள்ளும் அதை நம்பியவர் உண்டு. விடை தேயிலையின் தன்மையிலேயே இருக்கிறது. கோப்பிப் பழத்தைக் காயவைத்துச் சாக்கிலே கட்டிவைத்தால் வியாபாரி வரும்வரை கிடக்கும். தேயிலைக் கொழுந்து அவ்வாறு கிடவாது. பறித்த அன்றே வாடப்போட வேண்டும். பின் அரைத்து, நொதிக்கவிட்டு, சூடேற்றி உலர்த்திச் சலிக்க வேண்டும். இதற்கு ஆலை வேண்டும்; ஆலைக்கு இயந்திரமும் நீர்விசையோ நீராவியோ வேண்டும்; இவற்றுக்குக் கடன் வேண்டும். ஆலை தோட்டத்துக்கு உரியது. கடன் துரைக்கு உரியது. கிராமத்துக் கொழுந்தை வாங்கும் ஆலை அவன் கண்ணெட்டும் தூரத்திலே இருக்கவில்லை. பின்னாளில் அத்தகைய ஆலைகள் ஏற்பட்டபொழுது நிகழ்ந்ததைப் பாருங்கள்: இன்று இலங்கைத் தேயிலையிற் பெரும்பகுதி சிறுதோட்டக்காரரின் கொழுந்திலிருந்தே வருகின்றது. மாற்றத்தை வெறுத்த குணம் ஒன்று அவர் இரத்தத்தில் இருந்திருந்தால் இது எவ்வாறு நேர்ந்திருக்கும்?

இனித் தேயிலைக்கு வருவோம். 1867இல் ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்திலே 19 ஏக்கரில் டெயிலர் தேயிலை நட்டார். அவருடைய பங்களாவே முதல் ஆலை. விறாந்தையிலே மேசைகளைப் போட்டு, அவற்றின்மீது கொழுந்தைக் குவித்து, மணிக்கட்டு முதல் முழங்கைவரை அழுத்தி உருட்டினார்கள். மண் அடுப்பிலே கரிநெருப்பு மூட்டி உலர்த்தினார்கள். 'உருட்டினார்கள்' என்று எழுதும்பொழுது நமது பேனா சற்று நிற்கிறது. உருட்டிய முழங்கைகள் தமிழ்த் தொழிலாளருடையவை. 1873இல் லண்டனுக்குப் போன முதற் பொதி 23 இராத்தல் என்று இராத்தல் கணக்குக்கூட நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர்களில் ஒருவர் பெயரும் கிடைக்கவில்லை.

1875இல் ஆயிரம் ஏக்கரளவில் இருந்த தேயிலை, 1885இல் ஓர் இலட்சத்தையும் 1895இல் மூன்று இலட்சத்தையும் எட்டிற்று. 1877இல் பெல்பாஸ்ற் நகரத்து டேவிட்சன் 'சிறொக்கோ' என்னும் உலர்த்தியை ஆக்கினார். உருட்டும் இயந்திரங்கள் வந்தன. 1883இற் கொழும்பிலே தேயிலை ஏலம் தொடங்கியது. முறிந்த தோட்டங்களை லண்டனிற் பதிவான கம்பனிகள் வாங்கின. அவற்றின் அலுவல்களைக் கொழும்பு ஏஜென்சி நிறுவனங்கள் நடத்தின. தன் காணியில் தானே குடியிருந்த பழைய துரை மறைந்து, சம்பளத்துக்கு வேலைசெய்யும் துரை தோன்றினார். 1893இல் சிக்காகோ நகரப் பொருட்காட்சியிலே இலங்கைத் தேயிலையைப் பொட்டலமாக்கி விற்றனர். விளம்பரத்துக்கென ஏற்றுமதியின்மீது ஒரு சிறு தீர்வையும் விதித்துக்கொண்டனர். இவையெல்லாம் திறமையான காரியங்களே. மாற்றத்தைப் போதிப்போர் எடுத்துக்காட்டும் பகுதியும் இதுவே.

அவர்கள் எடுத்துக்காட்டாத பகுதி மலைச்சரிவிலே இருக்கிறது.

கோப்பி ஆண்டுக்கு ஒரு பருவப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களுக்குத் தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தனர். பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். வந்தோரிற் பெண்கள் மிகச் சிலர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே தம்புள்ளையூடாக மாத்தளைவரை நடந்த அந்தப் பயணத்திலே காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். ஆயினும் அவர்களுக்கு ஊரில் ஒரு வீடும், திரும்பிப்போக ஒரு மாதமும் இருந்தன.

தேயிலைக்குப் பருவம் இல்லை. ஏழு பத்து நாளுக்கொருமுறை, ஆண்டு முழுவதும், மழையிலும் பனியிலும் கொழுந்து எடுக்க வேண்டும். எனவே ஆண்டு முழுவதும் இருக்கும் ஆட்கள் வேண்டியவராயினர். தனித்து வரும் ஆணைவிடக் குடும்பமாக வருவோர் மேல், குடும்பம் ஓடிப்போகாது. கொழுந்தெடுக்கப் பெண்ணின் கை. களை பிடுங்கப் பிள்ளையின் கை. கவ்வாத்து வெட்ட ஆணின் கை. பன்னிரண்டடிக்குப் பத்தடி அறைகளைச் சுவரோடு சுவராக அடுக்கி லயங்கள் எழுந்தன. 1871இல் ஏறக்குறைய 1,23,000 ஆக இருந்த தோட்டத் தமிழர் தொகை 1901இல் 4,41,000 ஆயிற்று. நாம் மலையகத் தமிழ்ச் சமுதாயம் என்று இன்று குறிப்பிடும் மக்கள், பருவ காலத்து விருந்தாளிகளாயிருந்த நிலை மாறி இந்நாட்டின் நிரந்தரக் குடிகளானது, ஒரு தாவரம் இலைவிடும் விதத்தினால் என்றால் அது மிகையன்று. நிறுவனங்கள் தம் வேலைமுறையை மீள எண்ணியபொழுது ஒரு சமுதாயம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அச்சமுதாயத்திடம் எவரும் எண்ணம் கேட்கவில்லை.

ஆட்கள் கிடைத்ததும் தற்செயலன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டிற்று. 1877இல் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் இலங்கைக்கு வந்தனர். வந்தவர்களிற் பலருக்கு நோயுற்ற கோப்பியே காத்திருந்தது. தோட்டங்கள் முறிந்தபொழுது மாதக்கணக்கிற் கூலி நிலுவையாயிற்று. துரை கப்பலேறினார், கங்காணி கடனோடு நின்றார், தொழிலாளி வெறுங்கையோடு நின்றான். கூலிப் பணத்தைத் தோட்டத்தின்மீதுள்ள முதற்கடனாக்க 1884இலே ஒரு சட்டம் செய்யவேண்டி வந்தது என்றால் அதற்கு முன் நிலைமை என்னவாயிருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

தேயிலை தழைத்தபொழுது ஆட்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. முதலாளித்துவப் பொருளாதாரம் நமக்குக் கற்பிப்பது என்ன? தட்டுப்பாடான பொருளின் விலை ஏறும். கூலி ஏறியதா? ஆணுக்கு நாளொன்றுக்கு 33 சதம், பெண்ணுக்கு 25 சதம் என்ற அளவிலேயே அது நெடுங்காலம் நின்றது. ஏறியது வேறொன்று. அதன் பெயர் துண்டு.

துண்டு என்பது ஒரு கடதாசி. ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் போக விரும்பும் கங்காணிக்குத் துரை கொடுப்பது. இந்தக் கங்காணியும் அவன் ஆட்களும் இவ்வளவு கடன். அதனைக் கட்டுவோர் இவர்களைக் கொண்டுபோகலாம் என்று அதில் எழுதியிருக்கும். ஊரிலிருந்து வரும்பொழுது கொடுத்த முன்பணம், வழிச்செலவு, அரிசி, துணி எல்லாம் சேர்ந்த கடன் அது. புதிய துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் தீராது, கைமாறும். ஆட்களுக்குப் போட்டி கூடக்கூடத் துண்டின் தொகை கூடிற்று. அதாவது தொழிலாளியின் விலை ஏறியது. அவன் கூலி ஏறவில்லை. ஏறிய பணம் கங்காணியின் கையிலும் கடைக்காரரின் கையிலும் நின்றது. ஏறிய கடன் தொழிலாளியின் தலையிலே நின்றது. தப்பிப் போனால் 1865ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தச் சட்டம் இருந்தது. முன்னறிவித்தலின்றி வேலையை விட்டவனை மூன்று மாதம் கடூழியச் சிறைக்கு அனுப்ப அது இடங்கொடுத்தது. ஒப்பந்தத்தை மீறிய வணிகனுக்கு வழக்கு. மீறிய தொழிலாளிக்குச் சிறை. துண்டு முறை 1921இலேதான் ஒழிந்தது. சிறைத் தண்டனையும் அதனையொட்டியே நீங்கிற்று. தேயிலை வந்து அப்போது அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது.

வெள்ளியின் கதையும் உண்டு. பொருளியல் படிக்கும் மாணவர்க்கு அது சுவைக்கும். இலங்கை ரூபாய் வெள்ளியைச் சார்ந்திருந்தது. இங்கிலாந்தின் பவுண் பொன்னைச் சார்ந்திருந்தது. 1870ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஏறக்குறைய இரண்டு ஷில்லிங் பெறுமதியாயிருந்த ரூபாய், 1890ஆம் ஆண்டுகளிலே ஒரு ஷில்லிங்கும் சில பென்சுமாகத் தேய்ந்தது. தேயிலை லண்டனிலே பவுணுக்கு விலைப்பட்டது. கூலி மலையிலே ரூபாயிற் கொடுக்கப்பட்டது. 33 சதம் 33 சதமாகவே இருந்தது. அதைக் கொடுப்பதற்கு வேண்டிய பொன் ஆண்டுக்காண்டு குறைந்தது. அக்காலத்திலே லண்டனில் இலங்கைத் தேயிலையின் விலை பாதியளவாக வீழ்ந்தும் கம்பனிகள் செழித்தமைக்கு இயந்திரத்தின் திறமையை மட்டும் காரணமாகச் சொல்வோர் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

இயந்திரம் என்றதும் ஒரு விடயம் நினைவுக்கு வருகிறது. ஆலைக்குள்ளே புதிய பொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மலைச்சரிவிலே என்ன வந்தது? கூடையும் கையும் கங்காணியின் தடியுமே. விடியுமுன் தப்பு அடித்துப் பெரட்டுக்கு அழைப்பர். கொழுந்து நிறை குறைந்தால் 'அரைப்பேர்' போடுவர், அதாவது முழுநாள் நின்றவளுக்கு அரைநாட் கூலி. ஒரே தோட்டத்திலே, ஒரே நாளிலே, பறித்த கொழுந்து ஒரு நூற்றாண்டிலிருந்து மற்றொரு நூற்றாண்டுக்குக் கூடையிற் பயணம் செய்தது. எஸ். பி. டி. த சில்வா 1982இல் வெளியான தமது நூலிலே இதனை ஆழமாக ஆராய்ந்திருக்கிறார். பெருந்தோட்டம் என்பது வெளிப்பார்வைக்கு நவீனத் தொழில். அதன் உயிர்நிலையோ மலிந்த, கட்டுண்ட உழைப்பு. உழைப்பு மலிவாயிருக்கும்வரை உற்பத்தி முறையைத் திருத்த முதலாளிக்குத் தூண்டுதலே இல்லை என்பது அவர் வாதத்தின் ஒரு கூறு. நாம் அதனுடன் உடன்படுகிறோம். ஆகவே, 'தம் வேலைமுறையை மீள எண்ணிய' நிறுவனங்கள் என்னும் புகழுரையும் பாதியே உண்மை. எதை எண்ணாதிருப்பது இலாபமோ அதை அவை எண்ணவில்லை.

டெயிலரின் முடிவையும் சொல்லிவிடுவோம். 1891ஐ அடுத்துத் தோட்டக்காரர் அவருக்கு வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்கள் பரிசளித்தனர். அதற்குள் லூல்கந்துர ஒரு கம்பனியின் கைக்கு வந்திருந்தது. நாற்பது ஆண்டுகள் அத்தோட்டத்தை விட்டு நீங்காத அவரை, சம்பளமில்லாத விடுமுறையில் வெளியேறுமாறு கம்பனி பணித்தது. அவர் மறுத்தார். 1892 மே மாதத்தில், அத்தோட்டத்திலேயே, வயிற்றுளைவு நோயால் இறந்தார். தொழிலாளர்கள் தோள்மாற்றித் தோள்மாற்றி அவர் உடலைக் கண்டி மகாயாவை மயானத்துக்குச் சுமந்து சென்றனர். மாற்றத்தைத் தொடக்கிவைத்தவரைக்கூட மாறிய நிறுவனம் கழித்துவிட்டது. அவருக்கு நடுகல்லாவது இருக்கிறது.

சுமந்தவர்களின் வழிவந்தோர் கதை இந்தக் கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆனால் சில ஆண்டுகளைக் குறிக்காமல் விடவும் முடியவில்லை. முதன்முதலாகச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி 1929இல் வந்தது: மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இன் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனத் தலைக்கணக்கிற் பிரித்தது. அவர்களிடமும் எவரும் எண்ணம் கேட்கவில்லை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஆணுக்குச் சமமான கூலி பெண்ணுக்குக் கிடைக்க 1984 ஆயிற்று. 1992இலே மீண்டும் கம்பனிகள் வந்தன. 2021இல், நெடிய போராட்டத்தின் பின், நாட்கூலி ஆயிரம் ரூபாயாயிற்று.

கடந்த சில ஆண்டுகளாகக் கம்பனிகள் மற்றொரு மாற்றத்தைப் பேசி வருகின்றன. நாட்கூலி பழைய முறை; தொழிலாளிக்குச் சில தேயிலை நிரைகளைப் பொறுப்புக் கொடுப்போம்; கொழுந்தின் விலையிற் பங்கு தருவோம்; அவர் தொழிலாளியாயிராது பங்காளியாவார் என்கின்றன. இதில் நன்மையே இராதென்று முன்கூட்டியே சொல்ல நாம் துணியவில்லை; தன் கைப்பட்ட செடியிற் பங்கு கேட்பது தொழிலாளியின் பழைய ஆசையுமாகும். அவர் கையொப்பமிடுமுன் நாம் அறிய விரும்புவன சிலவே. நிரைகளின் காணி உறுதி யார் பெயரில் எழுதப்படும்? கொழுந்து நிறுக்கும் தராசு யாருடையது? லண்டனிலோ கொழும்பிலோ விலை விழும் மாதத்தில் அடுப்பெரிய யார் பொறுப்பு? உரத்துக்கும் மருந்துக்கும் கொடுக்கும் முன்பணம் எந்தக் கடதாசியிற் பதியப்படும்?